எல்லாருக்கும் திறப்பேன், இவனுக்கு மாட்டேன்

போன வாரம் வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கும் பேருந்தில் ஏறினேன். பலாப்பழ சீசன். ‘அவசர வழி’ என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருந்த கதவை மறைத்துப் பலாப்பழங்களை அடுக்கி, அதன்மேல் சாக்கைப் போட்டு, முழங்கையை ஊன்றிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். விமானப் பணிப்பெண் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றுச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. என் வாய் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

“அண்ணே, வண்டிக்கு ஒண்ணு ஆச்சுன்னா இந்தக் கதவத் தெறந்து எல்லாரையும் எறக்கி வுடுவீங்களா?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், வளைவில் கீழே தெரிந்த பள்ளத்தைப் பார்த்தார். “வண்டிக்கு இன்னா ஆவப் போவுது?” என்று எழுந்தவர், பழங்களை என் பொறுப்பில் விட்டுவிட்டு டிரைவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். கண்டக்டர் என்னிடம் வந்து, “யம்மா, ஏறும்போது நல்லாத்தான ஏறுனீங்க? ஏன் குந்திக்கினு இருக்கறவங்கள பயமுறுத்துறீங்க?” என்று கடிந்துகொண்டார். அடிவாரம் வரும்வரை அந்தக் கதவுக்கும் பலாப்பழங்களுக்கும் நானே காவல் இருந்தேன்.

இந்த வருஷம் நம் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் விமானப் பணியில் சேர்ந்திருக்கிறீர்கள். என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தீர்கள், காபி குடித்தீர்கள், “உங்க அனுபவத்துலேர்ந்து ஏதாவது சொல்லுங்க” என்றீர்கள். நான் சொல்ல ஆரம்பித்ததும் ஒவ்வொருவராகச் செல்போனை எடுத்தீர்கள். நான் கோபித்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் கோபித்துக்கொண்டேன். அதனால்தான் எழுதி அனுப்புகிறேன். இதைப் படிக்க எப்படியும் செல்போனைத்தான் பார்க்க வேண்டும்.

சிரித்த முகத்தோடு நிற்பது, தள்ளுவண்டியைப் பயணியின் முழங்கையில் இடிக்காமல் தள்ளுவது இதெல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். அவசரக் கதவு வரிசையில் உட்காருகிறவரிடம் கேட்க வேண்டியதையும் சொல்லித் தருவார்கள். ஆபத்து என்று நாங்கள் சொன்னால், இந்தக் கதவைத் திறந்து மற்றவர்கள் வெளியே போக உதவ உங்களுக்குச் சம்மதமா? உங்களால் முடியுமா? கேள்வி இவ்வளவுதான். பதிலை வாயால் சொல்ல வேண்டும், தலையாட்டினால் செல்லாது. வந்த பதிலை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை மட்டும் நீங்களே தட்டுத் தடுமாறித்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

எனக்கு வந்த பதில்களை வைத்து ஒரு நாடகமே போடலாம். காலை நீட்ட இடம் கிடைக்கிறதே என்ற மகிழ்ச்சியில், கேள்வி முடிவதற்குள் “யெஸ், யெஸ்” என்பவர்கள் ஒரு கூட்டம். ஒருவர் மாவுக்கட்டுப் போட்ட கையைச் சால்வைக்குள் ஒளித்துக்கொண்டு “தாராளமா” என்றார். ஓர் அம்மா “எதுவா இருந்தாலும் இவங்களக் கேளுங்க” என்று கணவரைக் காட்டினார். கணவர் என் பக்கம் குனிந்து, “மேடம், வீட்டுல ஊறுகா பாட்டில் மூடியைத் தெறக்கறதே அவதான்” என்றார்.

எனக்கு மேலே வேலை பார்த்த ஒரு பெண்மணி, இந்தத் தொந்தரவுக்கு ஒரு வழி வைத்திருந்தார். “பதில் சொல்றப்ப வாயைப் பார்க்காதே, கையைப் பார். மனசுல சம்மதம் இருந்தா கை தானாவே அந்தக் கைப்பிடியைத் தேடும்” என்பார். நான் பல வருஷம் அப்படியே கைகளைப் பார்த்து வந்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு ஜூலை மாதம் மும்பைக்குப் போன விமானத்தில்தான் அந்த வழி என்னைக் கைவிட்டது.

சென்னையிலிருந்து கிளம்பும் பகல் விமானம் அது. ஓர் இருக்கைகூடக் காலியில்லை. மும்பையில் பேய்மழை என்று தகவல். குறித்த நேரத்தில் கதவை மூடிக் கிளம்பாவிட்டால் அங்கே இறங்க வெகுநேரம் வானத்தில் வட்டமடிக்க வேண்டியிருக்கும் என்று கேப்டன் முன்பே எச்சரித்திருந்தார். அன்று பணியாளர்களுக்கு நான்தான் தலைமை.

இறக்கைக்கு மேலே, இடது பக்கம், அவசரக் கதவு இருக்கும் பன்னிரண்டாம் வரிசை. ஜன்னலோரம் வேட்டி சட்டையில் ஒருவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும், நல்ல உயரம். நடு இருக்கையில் அதே மூக்கு, அதே உயரம், கொஞ்சம் இளையவர், பேண்ட் சட்டை. இரண்டு பேர் மடியிலும் ஒரே மாதிரி மஞ்சள் துணிப் பை. ஜன்னலோரத்தவர் முகத்தை ஜன்னல் பக்கமே வைத்திருந்தார். நடுவில் இருந்தவர் நடைபாதைப் பக்கமே வைத்திருந்தார். நடைபாதை ஓரத்து வாலிபர் காதில் ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடியிருந்தார்.

அந்த வரிசையில் மடியிலோ காலடியிலோ எதையும் வைத்திருக்கக் கூடாது. பைகளைக் கேட்டேன்.

“சீர்ப் பையிம்மா. கீழ வெக்கக் கூடாது” என்றார் பெரியவர்.

“கீழே வைக்கலீங்க. தலைக்கு மேலதான் வைக்கப் போறேன்.”

“அப்ப செரி. ஆனா இவன் பைய எம் பையி மேல வெக்காத.”

நடுவில் இருந்தவர் நடைபாதையைப் பார்த்தபடியே, “அந்தாளு பையி பக்கத்துலயே எம் பையி வேணாம்” என்றார்.

ஆக ஒரு பையை வலப்பக்கப் பெட்டியிலும் இன்னொன்றை இடப்பக்கப் பெட்டியிலும் வைத்து மூடினேன். பேச்சைக் கேட்டதும் நம் பக்கத்து ஆட்களோ என்று எனக்குச் சந்தேகம். “எந்த ஊருங்கண்ணே?” என்று பெரியவரைக் கேட்டேன். “வடக்கனந்தல்” என்றார். “நான் எலவனாசூர்கோட்டை” என்றதும் பெரியவர் முகம் சட்டென்று மலர்ந்துவிட்டது. “அட, நம்ம பொண்ணு!” என்று முழுசாக என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். நானும் சீருடைத் தமிழைக் கழற்றி வைத்துவிட்டு ஊர்த் தமிழில் கேள்வியைக் கேட்டேன்.

அவர் கேட்ட விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு வார்த்தையும் விடாமல் கேட்டார். கதவில் இருந்த படத்தைப் பார்த்தார். கைப்பிடியின் மேல் கையை வைத்து அளவு பார்த்தார். மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை, அந்தக் கதவைப் பெயர்த்துத் தோளில் வைத்துக்கொண்டு போகக்கூடிய கை. என் மனதில் சரி என்று குறித்துக்கொண்டு நகரப் பார்த்தேன்.

“முடியும்மா. எல்லாருக்கும் தெறப்பேன்” என்றார். பிறகு கட்டைவிரலால் பக்கத்து இருக்கையைக் காட்டினார். “இவனுக்கு மாட்டேன்.”

வேடிக்கை பண்ணுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“அந்தாளு தெறந்த வழியில எவன் போவப் போறான்?” என்றார் நடுவில் இருந்தவர். “நான் ஏறுன வழியாவே எறங்கிப்பேன்.”

“நீங்க ரெண்டு பேரும் யாருண்ணே?”

“கூடப் பொறந்தது” என்றார் இளையவர். “அவ்ளோதான்.”

பெரியவர் பெயர் முருகேசன், இளையவர் ஏழுமலை. அப்பா விட்டுப்போன நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள். கிணற்றைப் பிரிக்க முடியுமா? முறை வைத்துக்கொண்டார்கள். ஒருநாள் அண்ணன் மோட்டார் போடுவார், மறுநாள் தம்பி. ஒரு கோடையில் தம்பியின் கரும்பு காய்ந்துகொண்டிருந்த நேரம். அண்ணன் தன் முறையில் மோட்டாரைப் போட்டுவிட்டுக் கச்சிராயப்பாளையம் சந்தைக்குப் போய்விட்டார். தண்ணீர் அவர் வயலில் நிரம்பி வழிந்து பாதையில் ஓடியது. பார்த்துக்கொண்டிருந்த தம்பி மோட்டார் வயரை அறுத்து எறிந்தார். அன்றோடு பேச்சு நின்றது. இப்போதும் முறை தவறுவதில்லை. ஒருவர் முறை முடிந்தால் மோட்டார் கொட்டகை ஆணியில் சாவியை மாட்டிவிட்டுப் போவார், அவர் தலை மறைந்த பிறகு மற்றவர் வந்து எடுப்பார். ஆறு வருஷமாக இப்படியே நடக்கிறது.

இதையெல்லாம் இரண்டு பேரும் என்னிடம்தான் சொன்னார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருத்தியதும் என் மூலமாகத்தான். அவர்களுக்கு நடுவில் நான் ஒரு தொலைபேசி நிலையமாகிவிட்டேன்.

மும்பைக்குப் போகிற காரணத்தை ஏழுமலை சொன்னார். அவர்களுக்கு ஒரே தங்கச்சி, செல்வி. கல்யாணமாகி மும்பையில் இருக்கிறார். கோயில் கோயிலாக ஏறி இறங்கி, மருத்துவமனைகளுக்கு அலைந்து, எல்லாரும் நம்பிக்கை இழந்த பிறகு பிறந்த பெண் குழந்தை. மறுநாள் காலை அதற்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மாமன் இரண்டு, குழந்தை ஒன்று.

“நம்ம செல்வி ஃபோன்ல சொல்லிட்டா” என்றார் ஏழுமலை. “ரெண்டு பேரும் ஒண்ணா வாங்க. எவன் மடின்னு நீங்களே வாயத் தெறந்து பேசி முடிவு பண்ணுங்க. இல்லாங்காட்டி எங்கொழந்தைக்குக் காதே குத்தல, மூளியாவே வளரட்டும்னு. ஒண்ணா குந்திக்கினு வரணும்னு அவளேதான் டிக்கெட்டும் போட்டா.”

“தோடு வாங்கிட்டீங்களா?”

“வாங்கிட்டேன்” என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில். குழந்தைக்குக் காது இரண்டுதான், இவர்கள் பைகளில் தோடு நாலு.

முன்கதவருகே இருந்த விமானத்தின் உள் தொலைபேசி ஒலித்தது, ஓடிப்போய் எடுத்தேன். கேப்டன். “இன்னும் எவ்வளவு நேரம்?” என்றார். “ஒரே நிமிஷம்” என்றேன். நம் தொழிலில் அந்த ஒரு நிமிஷத்துக்கு அளவே கிடையாது, அது அவருக்கும் தெரியும்.

நான் என் புத்திசாலித்தனத்தை எல்லாம் திரட்டி முருகேசனிடம் கேட்டேன். “அண்ணே, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். உங்க கெணத்துல தம்பி உழுந்துட்டா இன்னா பண்ணுவீங்க? இன்னைக்கு யாரு முறைன்னா பாத்துக்கினு நிப்பீங்க?”

“குதிப்பேன்” என்றார் கொஞ்சமும் யோசிக்காமல்.

“அதே மாதிரிதாங்க இதுவும்.”

“அது எப்பிடி அதே மாதிரி ஆவும்? அது எங்க கெணறு. இது உங்க பிளேனு.”

தோற்றுப்போனேன். கடைசியாகக் கெஞ்சினேன். “சும்மா ஒரு வார்த்த, எல்லாருக்கும் தெறப்பேன்னு சொல்லிடுங்கண்ணே. நான் போய்டறேன்.”

அவருக்கு என்மேல் வருத்தமே வந்துவிட்டது. “இன்னாம்மா, நம்ம ஊர்ப் பொண்ணு நீயே இப்பிடிச் சொல்ற? உயிர் சமாச்சாரம் கேக்கற. இது சத்தியம் வாங்கற மாதிரி. மனசுல ஒண்ண வெச்சிக்கினு வாயில ஒண்ணு சொல்லச் சொல்றியே?”

பிள்ளைகளே, எத்தனையோ ஆயிரம் பேரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். அது என்ன கேள்வி என்று யோசித்து, தன் மனதைத் தொட்டுப் பார்த்து எனக்குப் பதில் சொன்ன பயணி அவர் ஒருவர்தான். அந்தப் பதில்தான் எனக்கு உதவாத பதிலாகப் போயிற்று.

சம்மதம் இல்லை என்று வாயால் சொன்ன பிறகு அவரை அங்கே உட்கார வைக்க எனக்கு அதிகாரம் இல்லை. மாற்று ஆள் தேடிப் புறப்பட்டேன். கைகால் முறுக்கேறிய ஓர் இளைஞரைக் கேட்டேன். “ஏதாச்சும் ஆனா என்மேல கேஸ் வருமா?” என்று கேட்டுவிட்டு உடற்பயிற்சி வீடியோ பார்க்கத் திரும்பிவிட்டார். அடுத்தவர் ஆவலாக எழுந்தார், எழுந்ததும் மூச்சிலிருந்து பிராந்தி வாடை வந்தது, அப்படியே உட்கார வைத்தேன். இருபத்தாறாம் வரிசை நடு இருக்கையில் ஒரு பெண்மணி, தானே கையைத் தூக்கினார். பள்ளியில் பி.டி. டீச்சராம். “சம்மதம். முடியும். எந்தப் பக்கம் இழுக்கணும்?” என்றார். அவரைக் கட்டிப் பிடிக்காத குறை.

முருகேசன் முகம் சுளிக்காமல் எழுந்தார். நீண்ட கால்களை இருபத்தாறாம் வரிசையில் மடக்கித் திணித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஏழுமலையை ஜன்னலோரத்துக்கு மாற்றினேன். டீச்சர் நடுவில். மறுபடியும் முதலிலிருந்து கேள்வி.

“இப்ப தெறக்கறதுக்கு இன்னா? நல்லாத் தெறப்பேன்” என்றார் ஏழுமலை. கையைப் பார்த்தேன். கைப்பிடியில்தான் இருந்தது. டீச்சருக்கும் சம்மதம். ஹெட்போன் வாலிபரை உலுக்கி எழுப்பி அவரிடமும் சம்மதம் வாங்கினேன். சண்டைக்காரர்களைப் பிரித்துவிட்டோம், விஷயம் முடிந்தது என்று எனக்கு ஒரே பெருமை. விமானம் நேரத்துக்குக் கிளம்பியது.

உணவு கொடுத்து முடித்துத் திரும்பி வரும்போது ஏழுமலை என்னைக் கூப்பிட்டார். “பின்னால எல்லாருக்கும் சாப்பாடு குடுத்தாச்சா?”

“குடுத்தாச்சுங்க.”

“இல்ல, சக்கர ஜாஸ்தி இருக்கறவங்களுக்குப் பசி தாங்காது. பொதுவா கேட்டேன்.”

“எல்லாரும் சாப்ட்டாங்க” என்றேன். பொதுவாகக் கேட்டதை நானும் பொதுவாகவே எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனேன்.

மும்பையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. விமானம் தரையில் தொப்பென்று விழுந்த மாதிரி இறங்கி, நனைந்த ஓடுபாதையில் பிரேக் அலற ஓடி, ஓரமாகத் திரும்பி நின்றது. ரப்பர் கருகும் நாற்றம். இடது பக்கச் சக்கரத்திலிருந்து புகை கிளம்பி ஜன்னலை மறைத்தது. யாரோ “தீ!” என்று கத்தினார்கள்.

பணியாளர்கள் அவரவர் இடத்தில் தயாராக இருக்கும்படி கேப்டன் அறிவித்தார். அதன் பொருள், அடுத்த வார்த்தை வரும்வரை எந்தக் கதவையும் தொடக் கூடாது என்பதுதான். புகை வரும் பக்கம் கதவைத் திறந்தால் வெளியே இருக்கும் ஆபத்தை நாமே உள்ளே கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும். நான் முன்கதவருகே நின்று ஒலிபெருக்கியில் கத்தினேன். “எல்லாரும் உட்காருங்க! கதவத் தொடாதீங்க!” யார் கேட்டார்கள்? பாதி விமானம் எழுந்து நின்றது.

பன்னிரண்டாம் வரிசையில் டீச்சர் எழுந்துவிட்டார். மைதானத்தில் கூப்பிட்டுப் பழகிய குரல், என் ஒலிபெருக்கியை மிஞ்சியது. “சார், அந்தப் பிடியை இழுங்க சார்! இழுங்க!” ஹெட்போன் வாலிபருக்கு அப்போதுதான் விழிப்பு வந்தது. இருக்கை மேல் ஏறி டீச்சரைத் தாண்டிக் கதவுக்குக் கையை நீட்டினார்.

ஏழுமலை எழுந்து கதவில் முதுகைச் சாய்த்து, இரண்டு கையையும் விரித்து நின்றார்.

“எங்கண்ணன் பின்னால கீறாரு. அவரு வர்ற வரைக்கும் ஒருத்தனும் இதுல கைய வெக்கக் கூடாது!”

“சார், புகை வருது சார்!”

“இன்னா வந்தா எனக்கின்னா? எங்கண்ணன் வரட்டும்!”

நான் இருந்த இடத்திலிருந்து அவர் முகம் நன்றாகத் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. வாலிபரின் கையைத் தட்டிவிட்டார். அந்த மனிதரை அங்கிருந்து அசைக்க நாலு ஆள் வேண்டும்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். வரப்பின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடியைக் கூப்பிடுகிற குரல்.

“ஏழுமல! நான் இங்கதான்டா கீறேன்! எனக்கு ஒண்ணுமில்ல! அந்தப் பொண்ணு சொல்றதக் கேட்டுக்கினு உக்காருடா!”

“செரிண்ணே” என்று ஏழுமலை உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் வாலிபர் உட்கார்ந்தார், டீச்சர் உட்கார்ந்தார், நின்றவர்கள் எல்லாரும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். என் அறிவிப்புக்கு உட்காராத கூட்டம்.

கொஞ்ச நேரத்தில் தீயணைப்பு வண்டிகள் வந்து சுற்றிப் பார்த்தன. பிரேக் சூடேறிக் கிளம்பிய புகைதான், தீ இல்லை, பயப்பட ஒன்றுமில்லை என்று கேப்டன் அறிவித்தார். அந்தக் கதவைத் திறந்திருந்தால் பத்துப் பேராவது வழுக்கும் இறக்கை மேல் ஏறிக் கீழே விழுந்து கைகாலை உடைத்துக்கொண்டிருப்பார்கள். கேப்டன் என்னிடம், “கதவைத் திறக்கவிடாமல் தடுத்தாராமே, அந்தப் பயணிக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். இப்படிக் கட்டுப்பாடான ஆள் கிடைப்பது அபூர்வம்” என்றார். “சொல்கிறேன்” என்றேன். கட்டுப்பாடு என்ன கட்டுப்பாடு என்று எனக்கல்லவா தெரியும்!

ஆனால் அதைக் கேட்டபோது நான் வேறொன்றை யோசித்தேன். வெளியேறுங்கள் என்று கேப்டன் சொல்லியிருந்தால்? கதவு பிறந்ததே அதற்காகத்தான். அப்போதும் ஏழுமலை அப்படியேதான் நின்றிருப்பார். அண்ணன் தம்பிக்குத் திறக்க மாட்டேன் என்றார், தம்பி அண்ணன் இல்லாமல் திறக்க மாட்டேன் என்றார். இரண்டு பேருமே அந்த வரிசைக்கு லாயக்கில்லாதவர்கள். மூத்தவர் அதை முன்கூட்டியே சொன்னார். இளையவருக்குத் தன்னைப் பற்றி அப்படி ஒன்று இருப்பது அதுவரை தெரியாது, கையைப் பார்த்த எனக்கும் தெரியவில்லை. அவர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டபோதாவது தெரிந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை நான் இன்னொரு கேள்வியையும் சேர்த்தே கேட்டேன். உங்களோடு வந்தவர் யார், எங்கே உட்கார்ந்திருக்கிறார்? அந்த ஆள் பத்து வரிசை தள்ளி இருந்தால், புகை கிளம்பும்போது இவர் கை கதவுக்குப் போகாது, கால்தான் அந்தப் பக்கம் போகும். அது மனைவியாக இருக்க வேண்டும், குழந்தையாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனாகவும் இருக்கலாம். நீங்களும் கேளுங்கள். சேர்த்து உட்கார வையுங்கள், முடியாவிட்டால் தனியாக வந்த ஆளைத் தேடிப் பிடியுங்கள். கேப்டன் தொலைபேசியில் பல்லைக் கடிப்பார், கடிக்கட்டும்.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். விமானம் ஓரமாக நின்றுவிட்டதால் படி கொண்டுவந்து முன்கதவில் வைத்தார்கள். மழை இன்னும் விடவில்லை. பயணிகள் வரிசையாக இறங்கினார்கள். ஏழுமலை மட்டும் எழுந்து, தலைக்கு மேலிருந்த பெட்டிக்குள் எதையோ தேடிக்கொண்டே இருந்தார். காலியான பெட்டிக்குள் என்ன தேடுகிறார் என்று நானும் கேட்கவில்லை. கூட்டம் எல்லாம் அவரைக் கடந்து போயிற்று. கடைசியில் இருபத்தாறாம் வரிசைக்காரர் வந்தார்.

“எம் பையி?” என்றார் முருகேசன்.

“எடுத்துட்டேன்” என்றார் ஏழுமலை. இரண்டு மஞ்சள் பைகளும் அவர் கையில்தான் இருந்தன.

அவ்வளவுதான் பேச்சு. அண்ணன் முன்னால், தம்பி இரண்டடி பின்னால், இருவரும் கதவுக்கு வந்தார்கள். நான் கை கூப்பினேன். முருகேசன் எனக்குத் தலையசைத்துவிட்டு வாசலிலேயே நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“கொழந்தைய நாளைக்கு உம் மடியிலயே உக்கார வெச்சிக்க. எனக்கு முட்டி வலி. சம்மணம் போட்டு ரொம்ப நேரம் குந்த முடியாது.”

“எப்பலேர்ந்துண்ணே?”

“ரொம்ப நாளா.”

சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நனைந்த படிகளில் இரண்டிரண்டாகத் தாவித் தாவி இறங்கிப் போனார்.

ஏழுமலை ஒரு கணம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் இரண்டு பைகளையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, “அண்ணே, வழுக்கும், மெதுவா!” என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினார்.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். தன் பையை எடுக்க இருபத்தாறாம் வரிசைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்த டீச்சர், நான் புகைக்குப் பயந்துவிட்டதாக நினைத்து, தோளைத் தட்டி, தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் கையில் கொடுத்தார்.